நடை மார்பகப் புற்றுநோயை எவ்வளவு தடுக்கும்? பினாங்குப் பெண்களுக்கு ஒரு கணக்கு

"தினமும் நடந்தால் மார்பகப் புற்றுநோய் வராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்திக்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு சொன்னது வேறு. மாதவிடாய் நின்றுபோன 73,615 பெண்களை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1992 முதல் 2009 வரை தொடர்ந்து கவனித்தது. முடிவு 2013இல் வெளிவந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் 4,760 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்தப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நடையைத் தவிர வேறு எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்கள். அவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ நடந்தவர்களுக்கு, மூன்று மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 14 விழுக்காடு குறைவாக இருந்தது. எல்லா வகை உடற்பயிற்சியையும் சேர்த்துப் பார்த்ததில், மிக அதிகமாக இயங்கியவர்களுக்கும் மிகக் குறைவாக இயங்கியவர்களுக்கும் இடையே 25 விழுக்காடு வித்தியாசம் தெரிந்தது.

14 விழுக்காடு என்றால் எவ்வளவு? ஆயிரம் பெண்களில் 40 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரம் பேரும் வாரம் ஏழு மணி நேரம் நடந்தால் 40 என்பது 34 அல்லது 35 ஆகும். ஐந்தாறு குடும்பங்கள் தப்பிக்கின்றன. மற்ற 34 பேருக்கு, நடந்தும் நோய் வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்தச் செய்தியும் பெண்களுக்குக் கெடுதலே செய்கிறது. நடந்துகொண்டிருந்தவருக்குக் கட்டி வந்தால் "எனக்கு எப்படி வரும்" என்று தள்ளிப்போடுவார். நடக்காமல் இருந்து நோய் வந்தவர் தன்னையே பழித்துக்கொள்வார்.

மலேசியாவில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்குத்தான். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, வயதைச் சரிசெய்து பார்த்தால் ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 34 பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்திருக்கிறது. இன வாரியாகப் பார்த்தால் சீனப் பெண்களுக்கு அடுத்து இந்தியப் பெண்கள், அவர்களுக்குப் பின் மலாய்ப் பெண்கள். நம் பெண்களின் எண் தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. அதோடு, சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வுகளில் உடல் பருமன் அதிகமாகக் காணப்படுவதும் இந்தியர்களிடையேதான். இந்த இரண்டு தகவல்களும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்பதில்தான் நடையின் வேலை அடங்கியிருக்கிறது.

நடை உடலுக்குள் என்ன செய்கிறது

பத்தில் ஏழு மார்பகப் புற்றுநோய்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை உணவாகக் கொண்டு வளர்பவை. மாதவிடாய் நின்றபின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. அப்படியானால் அறுபது வயதில் ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? கொழுப்பிலிருந்து. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்களைச் சிறிய அளவில் சுரக்கிறது. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது அந்த ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக்கூட இந்த மாற்றமும் கூடும். மார்பகத்திலும் கொழுப்பு இருப்பதால், பால் சுரப்பி செல்களுக்குப் பக்கத்திலேயே இந்த உற்பத்தி நடக்கிறது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பெண்களுக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு என்று கொடுக்கப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் தடுப்பது இதே நொதியைத்தான்.

அடுத்து இன்சுலின். வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு, உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் கொடுக்காதபடி செய்கிறது. கணையம் ஈடுகட்ட மேலும் மேலும் இன்சுலின் சுரக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் கூடினால், பாலின ஹார்மோன்களைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தை ஈரல் குறைவாகத் தயாரிக்கிறது. அந்தப் புரதம் குறைந்தால் கட்டப்படாத, செல்லுக்குள் நுழையக்கூடிய ஈஸ்ட்ரோஜன் அதிகமாகிறது. இன்சுலினே செல்களைப் பெருகத் தூண்டும் ஹார்மோனும்கூட. இப்படி இடுப்பு பெருத்தால் இரண்டு பக்கமிருந்தும் அழுத்தம் வருகிறது.

தெற்காசியர்களுக்கு இது ஏன் கூடுதல் கவலை என்றால், மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டில் (பி.எம்.ஐ.) ஆசியர்களுக்கு 23லிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. 155 செண்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 23 என்பது சுமார் 55 கிலோ, 27.5 என்பது 66 கிலோ. "நான் குண்டு இல்லையே" என்று சொல்லும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பார்கள். எடையைவிட இடுப்பளவு நேராகப் பேசும்: விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவே, மூச்சை விட்டபின், நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். தெற்காசியப் பெண்களுக்கு 80 செண்டிமீட்டர்தான் எல்லைக்கோடு.

நடக்கும்போது கால், தொடை, பிட்டத் தசைகள் சுருங்கி விரிகின்றன. சுருங்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள்வரை அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகப் பதில் கொடுக்கும். இந்தக் காலக்கெடுவை மனதில் வைத்தால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடப்பது ஏன் போதாது என்பது விளங்கும். செவ்வாய்க்கிழமைக்குள் அதன் இன்சுலின் பயன் தேய்ந்துவிடுகிறது.

நடப்பவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமானவர்கள், அதனால்தான் அவர்களுக்கு நோய் குறைவு, நடைக்கு இதில் பங்கில்லை என்று யாராவது வாதாடலாம். நியாயமான சந்தேகம். பெண்களைப் பின்தொடரும் ஆய்வால் மட்டும் இதை முழுதாகத் தீர்க்க முடியாது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 320 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் 225 நிமிட உடற்பயிற்சி ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் மாதவிடாய் நின்ற, அதுவரை அதிகம் இயங்காத பெண்கள். 2010இல் வந்த முடிவில், பயிற்சி செய்தவர்களின் ஈஸ்ட்ரோஜன் அளவு இறங்கியது. ஹார்மோனைக் கட்டும் புரதம் ஏறியது. அதே குழு பின்னர் 400 பெண்களிடம் வாரம் 150 நிமிடத்தையும் 300 நிமிடத்தையும் ஒப்பிட்டபோது, 300 நிமிடக்காரர்களின் உடல் கொழுப்பும் வயிற்றுக் கொழுப்பும் அதிகமாகக் குறைந்தன. ஹார்மோன் இறங்கிய அளவு சிறியதுதான். ஆனால் நோய் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். சிறிய இறக்கம் அத்தனை ஆண்டும் நீடித்தால் அதற்குப் பலன் உண்டு என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஆய்வில் எடை கூடியவர், குறைந்தவர், ஒல்லியானவர், பருமனானவர் என்று பிரித்துப் பார்த்தபோதும் பயனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதம் நடந்தும் தராசு முள் அசையவில்லை என்று நடையை விட்டுவிடும் பெண்கள் நிறைய. அவர்கள் கைவிடுவது எடை குறைப்பை மட்டுமல்ல.

எவ்வளவு நேரம், எந்த வேகம்

ஏழு மணி நேரம் என்றதும் பலருக்கு மலைப்பு வரும். மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான 74,171 பெண்களை வைத்து 2003இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு ஒன்றேகால் மணி முதல் இரண்டரை மணி நேரம் வரை விறுவிறுப்பாக நடப்பதற்கு இணையாக இயங்கியவர்களுக்கே, எதுவும் செய்யாதவர்களைவிட 18 விழுக்காடு குறைவான வாய்ப்பு இருந்தது. 59,308 பெண்களைக் கவனித்து 2014இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், வாரம் நான்கு மணி நேர நடைக்கு இணையான இயக்கம் 10 விழுக்காடு குறைப்பைக் காட்டியது. எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாதது போலத் தோன்றுவதற்குக் காரணம், ஒவ்வொரு ஆய்வும் வேறு வேறு ஆட்களோடு ஒப்பிட்டதுதான். மூன்று மணி நேரம் நடப்பவரோடு ஒப்பிட்டால் ஏழு மணி நேரம் வேண்டியிருக்கிறது. நடக்கவே நடக்காதவரோடு ஒப்பிட்டால் இரண்டரை மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. இன்று பூஜ்யத்தில் இருப்பவருக்கு முதல் 150 நிமிடம்தான் மிகவும் மதிப்புள்ளது.

பிரெஞ்சு ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று. முன்பு நன்றாக இயங்கிவிட்டுப் பிறகு நிறுத்தியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு மிஞ்சவில்லை. கணக்கில் வந்தது கடைசி நான்கு ஆண்டுகளின் இயக்கம்தான். இளமையில் தோட்டத்தில் மைல் கணக்கில் நடந்து பால் வெட்டிய உழைப்பை ஈ.பி.எஃப். பணம் போல அறுபது வயதில் எடுத்துச் செலவழிக்க முடியாது. இதற்கு நேர்மாறாக, 55 வயதில் தொடங்கினாலும் காலம் தவறிவிடவில்லை என்றும் இதற்குப் பொருள்.

வேகத்தைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். மார்க்கெட்டில் காய் பார்த்துக்கொண்டே நடப்பதும், கோயில் பிரகாரத்தில் பேசிக்கொண்டே சுற்றுவதும் நல்லதுதான். ஆனால் ஆய்வுகளில் சொல்லும் மிதமான வேகத்துக்கு அவை எட்டுவதில்லை. நிமிடத்துக்கு 100 அடி எடுத்து வைப்பது கீழ் எல்லை. கைத்தொலைபேசியில் பதினைந்து விநாடி வைத்து அடிகளை எண்ணுங்கள். 25 வந்தால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள், 28 முதல் 30 வந்தால் நல்ல வேகம். தூரத்தில் சொன்னால் அரை மணியில் இரண்டு முதல் இரண்டரை கிலோமீட்டர். எதுவும் எண்ண விருப்பமில்லாதவர்கள் பக்கத்தில் வருபவரோடு பேசிப் பார்க்கலாம். முழு வாக்கியமாகப் பேச முடிந்து, பாட மூச்சு போதாமல் இருந்தால் சரியான வேகம். பாட்டே பாட முடிகிறது என்றால் மெதுவாக நடக்கிறீர்கள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் சற்றுக் குறையுங்கள்.

வீட்டு வேலை கணக்கில் வருமா என்று எல்லாப் பெண்களும் கேட்பார்கள். சமைப்பது, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது எல்லாம் லேசான இயக்க வகை. களைப்பு வரும், இதயத்துடிப்பு அவ்வளவாக ஏறாது. எட்டு மணி நேரம் தொழிற்சாலையில் நின்று வேலை செய்வதும் அப்படியே. பிளாட்டில் லிஃப்டை விட்டுப் படி ஏறுவது மட்டும் நடையைவிடக் கடுமையான வேலை, அதைக் கணக்கில் சேர்க்கலாம்.

ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை உலகச் சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டியில் எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பதே இப்போதைய அளவு. இதுவரை நடக்காதவர் முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடம், இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் என்று வாரம் ஐந்து நாள் நடக்கலாம். மூன்றாவது வாரம் பதினைந்து பதினைந்து ஆக்கினால் அப்போதே 150 வந்துவிடும். ஐந்தாவது வாரத்திலிருந்து நேரத்தைக் கூட்டாமல் வேகத்தைக் கூட்டுங்கள்: மூன்று நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று மாற்றி மாற்றி. மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு 45 நிமிடம், வாரம் ஆறு நாள் என்ற இடத்துக்கு வந்தால் 270 நிமிடம் ஆகிறது. அதற்கு மேல் போவது அவரவர் நேரத்தைப் பொறுத்தது. தசைப் பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. கை வைக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதை இரண்டு சுற்று, சுவரில் கையூன்றித் தள்ளுவதை இரண்டு சுற்று செய்தால் தொடங்குவதற்குப் போதும்.

மாதவிடாய் நிற்காத இளம் பெண்களுக்கு ஆதாரம் இவ்வளவு உறுதியாக இல்லை. அவர்களுக்கு விறுவிறுப்பான, மூச்சு வாங்க வைக்கும் பயிற்சிகளில்தான் பயன் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இருந்தாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஏறும் எடைதான் பிறகு வினையாகிறது. வயதுவந்த பருவத்தில் கூடும் ஒவ்வொரு 5 கிலோவுக்கும், மாதவிடாய் நின்றபின் இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 6 விழுக்காடு கூடுகிறது என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் கணிப்பு.

பினாங்கில் நடக்க: வெயில், புகை, குரங்கு

பினாங்கில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில். ஏழு மணிக்கு முன் வெளிச்சம் போதாது. ஒன்பதுக்குப் பிறகு வெயில் ஏறிவிடும். அதனால் காலையில் ஏழிலிருந்து எட்டரை வரை, மாலையில் ஆறிலிருந்து ஏழு வரை என்று இரண்டு சிறிய இடைவெளிதான் கிடைக்கிறது. இங்கே ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. குளிர்நாட்டில் ஒருவர் நடக்கும் அதே வேகம் இங்கே இதயத்துக்குக் கூடுதல் வேலை. புறப்படுமுன் ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணிக்கு மேல் நடப்பவர்கள் கையில் ஒரு போத்தல். தலை சுற்றல், குமட்டல், வியர்வை சட்டென நிற்பது ஆகியவை வந்தால் நிழலில் உட்கார்ந்து கழுத்தையும் அக்குளையும் நனைக்க வேண்டும்; அன்றைய நடையை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

ஜோர்ஜ்டவுன் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாவரவியல் பூங்காவும் அதன் பக்கத்திலுள்ள இளைஞர் பூங்காவும் வசதி. நிழல் உண்டு, காலையில் ஆள் நடமாட்டமும் உண்டு. குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறிக்க வரும். பையில் தின்பண்டம் எதுவும் வேண்டாம், தண்ணீர்ப் போத்தலை இடுப்பில் கட்டிக்கொள்வது நல்லது. கர்னி டிரைவ், ஜெலுத்தோங் பக்கத்துக் கர்ப்பால் சிங் டிரைவ் கடற்கரைகள் சமதளம், மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏற்றவை, ஆனால் நிழல் குறைவு. குளுகோரில் புக்கிட் டும்பார் ஏற்றம் இறக்கம் கலந்தது. பெருநிலத்தில் பட்டர்வொர்த், பிறைக்காரர்கள் தாமான் சாலைகளையே பயன்படுத்தலாம். புக்கிட் மெர்தாஜம் பக்கம் செரோக் தோக்குன் காடு இருக்கிறது, அதற்குத் துணையோடு போவதே நல்லது. சாலையோரம் நடப்பவர்கள் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடந்து, கைப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். வழிப்பறி பின்னாலிருந்து வரும் மோட்டார் சைக்கிளில்தான் அதிகம் நடக்கிறது.

தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள் நல்ல பயிற்சி. ஏறுவது இதயத்துக்கு வேலை. இறங்குவது முட்டிக்குச் சோதனை. ஒவ்வொரு படியிலும் உடலின் பாரத்தைவிடப் பல மடங்கு முட்டிச் சிரட்டையில் இறங்குகிறது. முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்து, வலிக்கும் காலை முதலில் கீழே வைத்து இறங்க வேண்டும். தைப்பூசத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஏறிவிட்டு மறுநாள் நடக்க முடியாமல் கிடப்பது, பதினொரு மாதம் தொடையில் வேலையே நடக்கவில்லை என்பதன் அடையாளம்.

தென்மேற்குப் பருவத்தில் சில ஆண்டுகள் புகைமூட்டம் வரும். சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே வேக நடை வேண்டாம். வேகமாக நடக்கும்போது பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம், கூடவே நுண்துகளையும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் 100ஐ நெருங்கும்போதே வீட்டுக்குள் இருந்துவிடலாம். புகை நாளிலும் மழை நாளிலும் பேரங்காடிக்குள் நடப்பது பினாங்கில் புதிதில்லை. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும் மாதங்களுக்கு முன்பே இந்த மாற்று இடத்தை முடிவு செய்து வைத்திருப்பவர்களுக்குத்தான் நடை விட்டுப்போவதில்லை. இடி கேட்டால் கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவுப் பணி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் வைத்தது, 2019இல் மறுபடியும் உறுதிசெய்தது. உறுதியான முடிவாக அது இன்னும் ஆகவில்லை என்றாலும் அலட்சியம் செய்யக்கூடியதும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பியதும் நடக்கப் போவதைவிடத் தூங்கிவிடுவதே சரி. எழுந்த பின், வேலைக்குக் கிளம்புமுன் மாலை வெளிச்சத்தில் அரை மணி நடப்பது உடலுக்கு ஒத்துவரும்.

எங்கே பிசகுகிறது

முதலில் வாய். 60 கிலோ எடையுள்ள பெண் ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் நடந்தால் எரிவது சுமார் 210 கலோரி. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300. நடந்து முடித்த கூட்டம் அப்படியே கடைக்குப் போய் ரொட்டியும் தே தாரேக்கும் பசியாறினால், கொழுப்புக் கணக்கில் அன்றைய நடை நஷ்டத்தில் முடிகிறது. இன்சுலின் பயன் ஓரளவு மிஞ்சும், இடுப்பு குறையாது. நண்பர்களோடு உட்காருவதை நிறுத்தச் சொல்வதற்கில்லை. அந்த உறவுதான் பலரைத் தினமும் நடக்க வைக்கிறது. தே ஓ கோசோங்கும் இட்லியும் தோசையும் அதே கடையில் கிடைக்கின்றன.

அடுத்தது செருப்பு. சிலிப்பரில் வேகமாக நடந்தால் அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் இறுக்கிப் பிடிக்கின்றன. சில வாரங்களில் குதிகால் அடியில் வலி தொடங்கும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் சுரீரென்று வலித்தால் அது உள்ளங்கால் தசைநார் அழற்சி. நடை நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு, குதிகாலை இறுகப் பிடிக்கும் காலணி வேண்டும். கால் வீங்கியிருக்கும் மாலையில் வாங்குவது நல்லது. மார்புக்கு நல்ல தாங்கல் உள்ள உள்ளாடையும் அவசியம். தளர்ந்த உள்ளாடையில் வேகமாக நடந்தால் மார்பு வலிக்கும், அந்த வலியை நோய் என்று பயந்து சிலர் நடையையே விடுகிறார்கள். வியர்வையில் நனைந்த உள்ளாடையை உடனே மாற்றாவிட்டால் மார்புக்குக் கீழே படை வந்து அரிக்கும். குளித்தபின் அந்த மடிப்பை நன்றாகத் துடைத்து உலர வைக்க வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் நடையால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர்கள் புறப்படுமுன் சோதித்துப் பார்த்து, 5 mmol/Lக்குக் கீழே இருந்தால் ஒரு பழமோ மூன்று பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். நடுவில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும்; அதனால் சட்டைப் பையில் சிறு பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும். கால் மரத்துப்போனவர்கள் திரும்பி வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கொப்புளம் வலிக்காது என்பதால்தான் புண்ணாகிறது.

நோய் வந்து சிகிச்சை எடுத்தவர்களும் நடக்கலாமா என்றால், நடக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. சிகிச்சை தரும் அசதிக்குப் படுக்கையைவிட நடை நல்ல பலன் தருகிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகளால் வரும் மூட்டு வலியையும் வாரம் இரண்டரை மணி நேர நடையும் தசைப் பயிற்சியும் குறைத்ததாக 2015இல் வெளியான குலுக்கல் ஆய்வு காட்டியது. கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நடையை மறந்து நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்புக்குப் பரவியிருந்தால் எவ்வளவு நடப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கை வீங்கும் என்ற பயத்தில் நடையைத் தவிர்க்கத் தேவையில்லை. கையை இயல்பாக வீசி நடப்பது நீர் வடிய உதவும்.

நடை ஈடுசெய்ய முடியாதது மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே பரிசோதனை. மேலே சொன்ன 2012–2016 பதிவேட்டில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட மலேசியப் பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். முதல் கட்டத்தில் வந்திருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள். 50 முதல் 74 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்கலாம் என்பது மலேசிய மருத்துவ வழிகாட்டி. தாய்க்கோ அக்காளுக்கோ தங்கைக்கோ வந்திருந்தால் அந்த வயதுவரை காத்திருக்கக் கூடாது. எந்த வயதில் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்த நோய் வரும் வாய்ப்பைப் பெரிதும் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ள குடும்பத்தில் நடை மட்டும் எதையும் தடுத்துவிடாது. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என். மேமோகிராமுக்கு உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. தகுதியை அவர்களின் கிளினிக்கிலேயே விசாரிக்கலாம். அரசு கிளினிக்கில் பெண் தாதியிடம் கேட்டால் மார்பகத்தைக் கையால் பரிசோதித்துச் சொல்வார்கள்.

குளிக்கும்போது கைக்குத் தட்டுப்படும் கட்டி, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து தானாக வடியும் ரத்தம், ஆரஞ்சுத் தோல் போலத் தடித்த தோல், அக்குளில் கட்டி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிடாய் உள்ளவர்கள் ஒரு சுழற்சி முடிந்தும் கட்டி அப்படியே இருந்தால் கிளினிக்குக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்றவர்கள் அந்த வாரமே போக வேண்டும்.